கட்டடங்களின் உள்ளுறைக் கரிமம்: தொண்டாமுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவு ஒரு நாளில் செரித்து விடுகின்றது. உடை சில ஆண்டுகளில் நைந்து விடுகின்றது. உறையுளோ கட்டியவர் மறைந்த பின்னும் நிற்கின்றது. நிலைத்து நிற்பதாலேயே அது எங்கிருந்து வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புதுமனை புகுவிழாவிற்குச் செல்வோர், "மொத்தம் எவ்வளவு ஆயிற்று?" என வினவுவர். அவ்வினாவிற்கு விடை ரூபாயில்தான் வரும். மலையிலிருந்து எத்துணைக் கல், தோட்டத்திலிருந்து எத்துணை மண், சூளையிலிருந்து எத்துணைப் புகை என்னும் கணக்கை எழுதி வைப்பார் இலர். அக்கணக்கை எழுதிப் பார்க்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இதற்குக் களமாகத் தொண்டாமுத்தூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கோவை மாநகருக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலையின் அடிவாரத்தில், நொய்யலின் தலைநீர் ஓடைகள் பாயும் பகுதி இது. பாக்கும் வாழையும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் விளையும் மண். இதற்கு வடக்கே செங்கல்லுக்குப் பெயர்பெற்ற தடாகம் பள்ளத்தாக்கு. தென்கிழக்கே சிமெண்டுக்குப் பெயர்பெற்ற மதுக்கரை. இவ்விரண்டிற்கும் இடையே தோட்டங்கள் மனைப்பிரிவுகளாக மாறிவரும் ஊர்கள். ஒரு கட்டடத்தின் பிறப்பையும் வளர்ப்பையும் ஒரு மணிநேரப் பேருந்துப் பயண எல்லைக்குள் கண்ணால் காணக்கூடிய இடங்கள் தமிழகத்தில் மிகுதியாக இல்லை.

சொல்லும் பொருளும்

ஒரு கட்டடம் இருவகையில் கரியமில வாயுவை வெளியிடுகின்றது. விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி, நீரேற்றும் மோட்டார் ஆகியவற்றுக்காகக் குடிபுகுந்த நாள்முதல் ஆண்டுதோறும் வெளிப்படுவது ஒரு வகை. இதனைப் பயன்பாட்டுக் கரிமம் எனலாம். மற்றொரு வகை, குடிபுகுவதற்கு முன்பே வெளிப்பட்டு முடிந்துவிடுவது. சிமெண்டைச் சுட்டபோதும், கம்பியை உருக்கியபோதும், செங்கல்லை வேகவைத்தபோதும், அவற்றை லாரியில் ஏற்றி வந்தபோதும் எழுந்த புகை அது. பின்னாளில் பழுதுபார்த்தல், இடித்தல், இடிபாட்டை அகற்றுதல் ஆகியவற்றால் எழுவதும் இவ்வகையுடன் சேரும். சுவரைத் தொட்டுப் பார்த்தால் அப்புகை தெரியாது. ஆயினும் சுவரின் வரலாற்றில் அது உறைந்திருக்கின்றது.

இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் யாது? 'பொதிந்த கரிமம்' என்றும் 'உட்பொதி கரிமம்' என்றும் சிலர் எழுதுகின்றனர். ஆயின், பொதிதல் என்றவுடன் கரியமில வாயு சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதாக மாணவர் மயங்குவர். உண்மையில் அது சுவருக்குள் இல்லை, வானில் இருக்கின்றது. தொல்காப்பியர் உள்ளுறை உவமம் என்றொரு வகையைக் கூறுவார். சொல்லப்பட்டது ஒன்றாகவும் அதனுள் உணரப்படுவது பிறிதொன்றாகவும் அமைவது அது. கண்ணுக்குத் தெரிவது சுவர். அதனால் உணரப்பட வேண்டியது புகை. ஆகவே 'உள்ளுறைக் கரிமம்' என்பதே பொருந்துவதாகத் தோன்றுகின்றது. இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறோம். பொறியியல் துறையினர் ஏற்பரோ அறியோம்; தமிழ்த்துறை மாணவர் ஏற்பர் என நம்புகிறோம்.

உலக அளவில் எரிபொருள் தொடர்பாகவும் தொழில் நிகழ்வுகளாலும் வெளிப்படும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டது கட்டடங்களைச் சார்ந்தது. அதில் கட்டுமானப் பொருள்களின் ஆக்கத்தாலும் கட்டுதலாலும் நேர்வது மட்டும் மொத்தத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு என மதிப்பிடப்பட்டுள்ளது. ஐரோப்பிய நாடுகளில் கட்டடத்தின் வாழ்நாளை ஆக்கநிலை, எழுப்புநிலை, பயன்நிலை, இறுதிநிலை எனப் பகுத்துக் கணக்கிடும் தரமுறை வழக்கில் உள்ளது. இடித்த பின் பொருள்களை மீண்டும் பயன்படுத்துவதால் விளையும் நன்மையைத் தனியே குறிக்கவும் அதில் இடமுண்டு. டென்மார்க் நாடு 2023 முதல், 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 12 கிலோவுக்கு மிகாமல் கரியமில வாயுவை வெளியிட வேண்டுமெனச் சட்டம் செய்தது. ஐம்பது ஆண்டு வாழ்நாளுக்கு உள்ளுறையும் பயன்பாடும் சேர்த்த கணக்கு அது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும், 2018இல் குடியிருப்புகளுக்கென வெளிவந்த 'எகோ நிவாஸ் சம்ஹிதா'வும் பெரும்பாலும் குடிபுகுந்த பின் நேரும் மின்செலவையே நோக்கமாகக் கொண்டவை. குடிபுகுமுன் எழுந்த புகையை அவை பெரிதும் கேள்வி கேட்கவில்லை.

மதுக்கரை தரும் பாடம்

மதுக்கரையில் 1934இல் சிமெண்டு ஆலை நிறுவப்பட்டது. மதுக்கரை, வாளையாறு பகுதிகளில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லே அதற்கு அடிப்படை. கோவையின் பஞ்சாலைகளும் பள்ளிகளும் பாலங்களும் எழுந்த காலத்தில் அருகிலேயே சிமெண்டு கிடைத்தது இந்நகரின் வளர்ச்சிக்குப் பெருந்துணை ஆயிற்று என்பதில் ஐயமில்லை.

சிமெண்டு ஏன் இத்துணைப் புகையை எழுப்புகின்றது என்பதைச் சிறிது நின்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். எரிபொருளை மாற்றிவிட்டால் புகை நின்றுவிடும் எனப் பலரும் கருதுகின்றனர். சிமெண்டைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. சுண்ணாம்புக்கல் என்பது வேதியியல் முறையில் கால்சியம் கார்பனேட்டு. அதனைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் பிரிகின்றன. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களும் பன்னெடுங்காலம் சேர்த்து வைத்த கரிமம் அது. கதிரவன் ஆற்றலாலேயே சூளையைச் சூடாக்கினாலும் இந்த 44 கிலோ போகவே செய்யும். இதனுடன், ஏறத்தாழ 1450 செல்சியஸ் வெப்பத்திற்குச் சூளையை ஏற்றுவதற்கு எரிக்கும் நிலக்கரியின் புகையும் சேர்கின்றது. சூளையிலிருந்து உருண்டை உருண்டையாக வெளிவரும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு, கல்லிலிருந்து பிரிவது மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல். எரிபொருளையும் சேர்த்தால் முக்கால் டன்னைக் கடந்துவிடும்.

கிளிங்கரோடு அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து அரைத்தால் சிமெண்டின் சுமை குறைகின்றது. கடைகளில் இன்று மிகுதியாக விற்பனையாகும் சாம்பல் கலந்த சிமெண்டு அவ்வகையினது. அவ்வகைச் சிமெண்டில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ கரியமில வாயு எனக் கொள்ளலாம். மூட்டையைத் தூக்கும் சித்தாள் சுமப்பது 50 கிலோ. வானம் சுமப்பது மேலும் 30 கிலோ.

பழைய சுண்ணாம்புக் காரைக்கும் இவ்விதி பொருந்தும்; ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுட்ட சுண்ணாம்பு நீரில் நீற்றப்பட்டுச் சுவரில் பூசப்பட்ட பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகின்றது. சூளையில் கல் இழந்ததைச் சுவரில் காரை பெரும்பாலும் மீட்டுக்கொள்கின்றது. சுடுவதற்கு எரித்த விறகின் கணக்கு மட்டும் நிற்கும். சிமெண்டுக் கான்கிரீட்டும் ஓரளவு இவ்வாறு உள்வாங்குவது உண்டு. ஆனால் அது மேற்பரப்பிலிருந்து மிக மெதுவாக நிகழ்வது. அன்றியும், உள்ளே இருக்கும் கம்பி வரை அது சென்றால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். எனவே கான்கிரீட்டின் அக்குணத்தை நன்மை என்று கொண்டாட இயலாது.

தடாகத்திலிருந்து தொண்டாமுத்தூருக்கு

செங்கல் தமிழர்க்குப் புதியதன்று. கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட செங்கற் கட்டுமானங்களை நாம் அறிவோம். சென்னையில் சூளை, சூளைமேடு என்னும் பெயர்களே செங்கல் சுட்ட இடங்களை நினைவூட்டி நிற்கின்றன. எஃகும் நம் நொய்யலுக்குப் புதியதன்று. இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்த கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை அகழாய்வாளர் கண்டுள்ளனர். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் அதுவே என்பது அறிஞர் துணிபு. அன்று சுட்டதற்கும் இன்று சுடுவதற்கும் உள்ள வேறுபாடு அளவில்தான் இருக்கின்றது. இந்தியாவில் இன்று ஆண்டுக்கு 20,000 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் சுடப்படுவதாக மதிப்பிடுகின்றனர்.

கோவைக் கொத்தனார்கள் 'நாட்டுச் செங்கல்' என்றும் 'சேம்பர் செங்கல்' என்றும் இருவகை கூறுவர். கையால் அறுத்துச் சுட்டது முன்னது. இயந்திரத்தால் பிதுக்கிக் கம்பியால் அறுத்து, அறை அறையாக அமைந்த சூளையில் சுட்டது பின்னது. சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை ஆகிய ஐந்து ஊராட்சிகளில் இச்சூளைகள் பல்கிப் பெருகின. செம்மண் வெட்டிய குழிகள் பல இடங்களில் பத்து மீட்டர் ஆழத்தையும் கடந்தன. ஓடைகளின் போக்கு மாறியது. யானைகள் வலசை செல்லும் அப்பள்ளத்தாக்கில், எரிப்பதற்காகச் சூளைகளில் அடுக்கப்பட்ட பனைமரத் துண்டுகளின் மணத்தை நாடி யானைகள் ஊருக்குள் வருவதாக மக்கள் முறையிட்டனர். ஒரு செங்கல்லின் வரலாற்றில் யானைக்கும் பனைக்கும் இடமிருக்கும் என்று எந்தப் பாடநூல் நமக்குச் சொல்லிற்று?

வழக்குகள் உயர்நீதிமன்றத்திற்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கும் சென்றன. 2021ஆம் ஆண்டு உரிமமின்றி இயங்கிய 180க்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சூளை வேலையையே நம்பியிருந்த தொழிலாளர் பலர் பிழைப்பை இழந்தனர் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். மண்ணைக் காத்தவர்களின் மகிழ்ச்சியும், கூலி இழந்தவர்களின் துயரமும் ஒரே ஆண்டில் ஒரே பள்ளத்தாக்கில் நேர்ந்தவை.

ஆயினும் நகரின் செங்கல் தேவை 2021இல் நின்றுவிடவில்லை. பேரூர் வட்டத்து ஊர்களில், தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கங்களில், இரவு நேரங்களில் செம்மண் வெட்டி எடுக்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர்ச் சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் இது ஒப்படைக்கப்பட்டது. இங்கே நாம் காண வேண்டியது ஒன்று: தேவை குறையாதிருக்க ஓரிடத்தில் கதவை அடைத்தால் மண்வெட்டி அடுத்த பள்ளத்தாக்கிற்குச் செல்லும். குற்றம் செய்தவரைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் பணி. தேவையைக் குறைப்பது வீடு கட்டுவோர், கட்டுவிப்போர், கற்பிப்போர் ஆகியோரின் பணி.

ஒரு வீட்டின் கணக்கு

1000 சதுர அடியில் ஒரு தளவீடு என வைத்துக்கொள்வோம். கொத்தனார்கள் வாய்க்கணக்காகக் கூறும் அளவுகள் இவை: சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூட்டைச் சிமெண்டு, மூன்றரைக் கிலோ கம்பி. செங்கல் மொத்தத்தில் 20,000. கட்டுமானத்திற்குக் கட்டுமானம் இவை வேறுபடும்; எனினும் கணக்கின் போக்கை அறிய இவை போதும்.

சிமெண்டு 400 மூட்டை. மூட்டைக்கு 30 கிலோ வீதம் 12 டன் கரியமில வாயு. கம்பி மூன்றரை டன். இந்தியாவில் ஒரு டன் எஃகு ஆக்குவதற்குச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை டன் கரியமில வாயு வெளிப்படுவதால் அது 9 டன்னை நெருங்கும். செங்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நிலக்கரியில் சுட்டால் அது 0.4 கிலோ கரியமில வாயு. 20,000 கல்லுக்கு 8 டன். ஆக மூன்று பொருள்களுக்கு மட்டும் 29 டன். ஜல்லி, எம்-சாண்டு, தரைஓடு, சன்னல் கண்ணாடி, வண்ணப்பூச்சு, லாரி டீசல் ஆகியவற்றைச் சேர்த்தால் 30 டன்னைத் தாண்டிவிடும்.

இதனை மின்கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். இரண்டு மாதத்திற்கு 400 யூனிட்டு செலவிடும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 2400 யூனிட்டு ஆகும். யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் ஒரு டன்னும் முக்காலுக்குச் சற்றுக் குறைவும் கரியமில வாயு. அவ்வாறெனில் இவ்வீட்டின் உள்ளுறைக் கரிமம் ஏறத்தாழ 18 ஆண்டு மின்பயன்பாட்டிற்கு ஈடு. விளக்கு ஏற்றுமுன்னரே 18 ஆண்டு விளக்கு எரிந்துவிட்டது! அன்றியும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் பல்லடம், உடுமலைப் பகுதிகளில் சுழலும் காற்றாலைகளும், கூரைகளில் ஏறிவரும் சூரியத் தகடுகளும் மின்சாரத்தின் கரிமத்தை ஆண்டுதோறும் குறைக்கும். அப்போது எதிர்காலப் பயன்பாட்டுக் கரிமம் சுருங்கும். கட்டும்போதே வெளியிட்டுவிட்ட 30 டன்னைத் திரும்ப அழைக்க இயலாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அது கரிமக் கணக்குப் புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை. கல் ஒன்று மூன்று கிலோ என்றால் 20,000 கல் 60 டன். சூளையில் நேரும் எடைக்குறைவையும் எண்ணினால், வெட்டி எடுத்த மண் ஏறத்தாழ 40 கனமீட்டர். ஒரு சென்ட் நிலம் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதாவது, மூன்று சென்ட்டிலோ நான்கு சென்ட்டிலோ நிற்கும் இவ்வீடு, வேறெங்கோ ஒரு சென்ட் நிலத்தை ஒரு மீட்டர் ஆழத்திற்கு விழுங்கியிருக்கின்றது. நம் கொங்கு மக்கள் வரப்புத் தகராற்றில் அரைச் சென்ட்டுக்காகப் பத்தாண்டு வழக்காடுவர். செங்கல்லாகப் போன சென்ட்டுக்கு வழக்காடுவார் இலர். உலக மண்ணில் அடங்கிய கரிமம் வளிமண்டலத்தில் உள்ளதைக் காட்டிலும் மிகுதி. மேல்மண்ணைப் பெயர்த்தெடுத்தால் அதில் ஒரு பகுதியும் வெளியேறும். ஓரங்குலம் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும்.

வீடே கட்டக்கூடாதா என்று சினந்து கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2030க்குள் குடிசைகளுக்கு மாற்றாக 8 லட்சம் வீடுகளைக் கட்டுவதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 360 சதுர அடி. ஒழுகும் கூரைக்குக் கீழே மழைக்காலத்தைக் கழித்தவரிடம் கரிமக் கணக்கைக் காட்டி வீட்டை மறுப்பது அறமாகாது. மேற்கண்ட வீதத்தில் அத்தகைய வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 10 டன். எட்டு லட்சம் வீட்டிற்கு 80 லட்சம் டன். கட்டும் முறையில் கால்பங்கு குறைக்க முடிந்தால் 20 லட்சம் டன் மிஞ்சும். மாறாக, ஆண்டில் பத்துநாள் தங்குவதற்கென மலையடிவாரத்தில் எழும் 4000 சதுர அடி மாளிகைகளைப் பற்றி வேறு கேள்வி கேட்க வேண்டியிருக்கின்றது. தொண்டாமுத்தூர் ஒன்றியத்தில் மலையை ஒட்டிய ஊர்கள் சிலவற்றுக்கு, 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. அவை எங்கே கட்டலாம் என்பதை நோக்கியவை. எதனால் கட்டலாம் என்பதை நோக்கியவை அல்ல.

கால்பங்கு குறையுமா?

குறையும் என்பதற்குச் சான்றுகள் தென்னாட்டிலேயே உள்ளன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் ஊரகத் தொழில்நுட்பத்திற்கென 'அஸ்த்ரா' என்னும் மையம் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய பேராசிரியர்கள் வெங்கடராம ரெட்டியும் ஜகதீசும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. அவர்தம் கணக்குப்படி, கான்கிரீட் சட்டக அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு உள்ளுறையும் ஆற்றல் 4.21 கிகாஜூல், சுமைதாங்கும் செங்கற் சுவர் கொண்ட இருதள வீட்டில் 2.92, சிமெண்டு சிறிதளவு கலந்து அழுத்திய மண்கல்லால் கட்டிய இருதள வீட்டில் 1.61 மட்டுமே. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளி பாதிக்கும் மேல். இத்தனைக்கும் மூன்றிலும் மனிதர் ஒரே வகையாகத்தான் வாழ்கின்றனர்.

சுடாத மண்கல்லுக்குச் சூளை வேண்டா. புதுவையை அடுத்த ஆரோவில் மண்கட்டட நிறுவனம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்டு கலந்து அழுத்திய கற்களால் பல கட்டடங்களை எழுப்பிக் காட்டியுள்ளது. மனையில் அடித்தளத்திற்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் தோண்டிய மண்ணையே இதற்குப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு. ஆயின் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. மண்கல் என்ற பெயரில் தோட்டத்துச் செம்மண்ணை லாரியில் வரவழைத்தால், புகை குறையும், குழி குறையாது.

சுட்ட செங்கல்தான் வேண்டும் என்போர்க்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தையே தம் மண்ணாகக் கொண்ட லாரி பேக்கர் (1917 - 2007) பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில், கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவர். ஒன்பது அங்குலச் சுவரின் தடிமன் அப்படியே இருக்கும். செங்கல் கால்பங்கு மிச்சமாகும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். நம் வீட்டில் 5000 கல்! வாளையாற்றைத் தாண்டினால் பரவலாகக் காணும் இம்முறை கோவையில் ஏன் அரிதாகவே உள்ளது என்பது ஆராயத்தக்கது. கொத்தனார் ஒருவர் இதனைக் கற்க ஒரு கிழமை போதும். கற்றவருக்கு அதிகக் கூலி தர வீட்டுக்காரர் ஒப்புவதில்லை. கல்லில் மிஞ்சிய தொகையில் அக்கூலியைத் தாராளமாகத் தரலாம்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் அசன் ஃபத்ஹி, 1940களில் நைல் கரையில் புதிய குர்னா என்னும் ஊரைச் சுடாத மண்கல்லால் எழுப்பினார். மரம் கிடைக்காத நாட்டில், சாரம் இன்றியே மண்கல் வளைவுக் கூரை கட்டும் நூபியக் கொத்தர்களின் பழந்திறனை அவர் மீட்டெடுத்தார். ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு 1980இல் அவரைச் சிறப்பித்தது. ஆனால் அவ்வூருக்குக் குடிபெயர வேண்டிய மக்கள் பலர் வரவில்லை என்பதும் வரலாறு. பழைய ஊரின் பிழைப்பு அவர்களைப் பிடித்து நிறுத்தியது. குவிமாடம் கல்லறையை நினைவூட்டியது என்போரும் உளர். நல்ல பொருளும் நல்ல நோக்கமும் இருந்தும், குடியிருப்போர் மனம் ஒப்பாவிடில் கட்டடம் வெறுங்கூடாகிவிடும். நம் ஊரிலும் 'மண்வீடு' என்ற சொல்லே வறுமையின் அடையாளமாகிவிட்டது. பொறியாளர் கணக்கால் அதனை மாற்ற இயலாது.

சிமெண்டிலும் மாற்றம் வருகின்றது. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, ஏறத்தாழ 700 முதல் 850 செல்சியஸ் வெப்பத்தில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்து ஆக்கும் சிமெண்டைச் சுவிட்சர்லாந்து அறிஞர்களோடு தில்லி, சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தனர். அதற்கு இந்தியத் தரக்குறியீடு 2023இல் வகுக்கப்பட்டது. வழக்கமான சிமெண்டைவிட மூன்றில் ஒரு பங்களவு கரியமில வாயு இதில் குறையும். மேட்டூர் போன்ற அனல்மின் நிலையச் சாம்பலால் ஆன கற்களும் 1999ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிக்கைக்குப் பின் பெருகின. நிலக்கரியை எரிப்பது குறையக் குறைய அச்சாம்பலும் குறையும் என்பதால், அதனை நெடுங்கால வழியாக நாம் கருதவில்லை.

சாளையும் தொட்டிக்கட்டும்

கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டைச் சாளை என்பர். கல்லடித்தளம், மண்சுவர், பனை உத்திரம், நாட்டு ஓடு. இவையே பழைய சாளையின் உறுப்புகள். செல்வர் வீடுகள் ஆசாரமும் அட்டாலியும் கொண்ட தொட்டிக்கட்டாக அமைந்தன. சுவருக்குச் சுண்ணாம்பும், கலவைக்குக் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்ந்தன. இவற்றை இன்றைய வாழ்நாள் கணக்கில் வைத்துப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். சுவர்மண் அதே தோட்டத்து மண். இடிந்தால் அத்தோட்டத்திற்கே எருவாகக் கலந்துவிடும். ஓடு ஒன்றே சுடப்பட்டது. அந்த ஓட்டையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் மாற்றி வேய்ந்தனர். உடைந்ததை மட்டும் புதிதாக இட்டனர்.

அதற்காகப் பழமையைப் போற்றி மயங்கிவிடுதல் கூடாது. கறையானும் எலியும், ஆண்டுதோறும் சாணமிட்டு மெழுகிய பெண்களின் முதுகுவலியும் அச்சாளையின் கணக்கில் உண்டு. பராமரிப்பும் வாழ்நாள் கணக்கின் ஒரு பகுதியே. அது அன்று ஊதியமின்றிப் பெண்கள் தலையில் விழுந்தது. ஆதலால் பழைய சாளையை அப்படியே மீட்பதைவிட, அதன் பொருளியல்பை அறிந்து, கல்லடித்தளம், நீண்ட தாழ்வாரம், ஓட்டுக் கூரை, பெயர்த்தெடுக்கத் தக்க இணைப்பு ஆகியவற்றைப் புதிய கட்டுமானத்தோடு பொருத்துவதே ஏற்புடையது என்பது நம் கருத்து.

பெயர்த்தெடுத்தல் என்னும் கூறு மிக முதன்மையானது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழஞ்சுவரை இடித்தால் செங்கல் முழுதாகக் கழன்று வரும். தட்டித் துடைத்து மீண்டும் கட்டலாம். சிமெண்டுக் கலவையில் கட்டிய சுவரை இடித்தால் கலவை பிரிவதற்கு முன் கல் உடையும். உறுதி என நாம் புகழும் பண்பே இறுதிநிலையில் குறையாகிவிடுகின்றது. பழைய வீட்டு உத்திரம், தூண், கதவு, நாட்டு ஓடு ஆகியவற்றை விலைபேசி வாங்கிச் செல்வோர் இன்றும் ஊர்தோறும் வருகின்றனர். கான்கிரீட் தளத்தை இடித்தால் கம்பியை மட்டும் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்வர், எஞ்சியது குப்பை.

வாழ்நாளின் நீளமும் கணக்கை மாற்றும். 30 டன் செலவிட்ட வீடு 60 ஆண்டு நின்றால் ஆண்டுக்கு அரை டன். வாஸ்து சரியில்லை என்றோ, சாலை அகலமாயிற்று என்றோ 20 ஆண்டில் இடித்தால் ஆண்டுக்கு ஒன்றரை டன். பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கற்றூண்களும், கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கற்சுவர்களும் பல நூற்றாண்டுகளுக்குத் தம் சுமையைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. கட்டியவர்கள் கரிமத்தை அறியார். ஆனால் ஒருமுறை கட்டுவது என்பதை அறிந்திருந்தனர்.

கட்டுமான இடிபாட்டுக் கழிவுகளுக்கென மைய அரசு 2016இல் விதிகளை வகுத்தது. 2025இல் வெளியிட்டு 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், கழிவை மீட்டுப் பயன்படுத்தும் பொறுப்பைக் கட்டுவோர் மீதே சுமத்துகின்றன. ஆனால் அப்பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய திட்டங்களுக்கே உரியது. நாம் மேலே கணக்கிட்ட 1000 சதுர அடி வீடு 93 சதுர மீட்டர். தொண்டாமுத்தூரில் இடிபடும் வீடுகளுள் அவ்வெல்லையைத் தொடுவன அரிது. அவற்றின் இடிபாடு டிராக்டரில் ஏற்றப்பட்டு, ஓடைக்கரையிலோ, மண் வெட்டிய பழங்குழியிலோ கொட்டப்படுகின்றது. செம்மண் போன இடத்தைச் சிமெண்டுத் துண்டுகள் நிரப்புகின்றன; அதில் சின்ன வெங்காயம் விளைவதில்லை.